நாலு பேருக்குச் சொல்ல வேண்டிய சேதி

தஸ்மியா எழுதிய கணினி நிரலில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். அதில் நானூற்றுப் பதினொன்று சரியாகத்தான் இருந்தன. மிச்சமிருந்த ஒரே ஒரு வரியில்தான் பேச்சித்தாயின் ஒன்பது ஆடுகள் ஆற்றோடு போயின.

தஸ்மியா மேலப்பாளையத்துப் பெண். படிப்பை முடித்துவிட்டு, வண்ணாரப்பேட்டையில் பிளைவுட் கடை ஒன்றின் மாடியில் இருக்கிற சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். கம்பெனி முதலாளி மகாராஜன் அவளை நம்பி முதன்முதலாகத் தனியாகக் கொடுத்த வேலை இது. முக்கூடலுக்கு மேற்கே மேலமடையூர் என்று ஒரு ஊர். வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் தாமிரபரணி. மலையில் மழை கொட்டி அணையில் கூடுதலாகத் தண்ணீர் திறந்தால், ஆற்றோரம் வேலையாக இருக்கிற நாலு பேருக்கு உடனே சேதி போக வேண்டும். ஊர் விவசாயிகள் சங்கம் கேட்டது அவ்வளவுதான். அணையிலிருந்து அறிவிப்பு வந்ததும் கணினியே அந்த நாலு பேருக்கும் ஒருவர் பின் ஒருவராகப் போன் போட்டு, பதிவு செய்த குரலில் இரண்டு தடவை சொல்லிவிடும்.

நாலு பேர் யார் யார் என்று சங்கமே வரிசை போட்டுக் கொடுத்தது. முதலில் மடை பார்க்கிற சுடலைமணி. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரிகிற மடையை அவர் அடைத்தால்தான் வயல் பிழைக்கும். இரண்டாவது அவருடைய தங்கை பேச்சித்தாய். புருஷன் இல்லை, ஆற்று நடுவில் புல் முளைத்துக் கிடக்கும் திட்டில் ஆடு மேய்க்கிறாள். மூன்றாவது செங்கல் சூளை இசக்கிமுருகன். நாலாவது படித்துறைக் காவலாளி. சங்கக் கட்டடத்தில் ஒரு நாள் நாலு பேரையும் உட்காரவைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். முதல் போன் அடித்தது, சுடலைமணி எடுத்து முழுவதும் கேட்டார். பிறகு பேச்சித்தாயின் போன், பிறகு சூளைக்காரர், பிறகு காவலாளி. எல்லோருக்கும் வடையும் டீயும் வந்தன. யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்த எண்ணிலிருந்து, தெரிந்த விஷயத்துக்குப் போன் வந்தால் எடுக்கமாட்டார்கள். வெட்டிவிடுவார்கள். பேசினால் காசு போகும் என்றிருந்த காலத்தில் பிடித்த பழக்கம். பால்காரர் தெருமுனையில் நின்று அடிக்கும்போது வெட்டினால், ‘செம்பை எடுத்துக்கொண்டு வருகிறேன்’ என்று பொருள். மகன் பஸ் ஏறிவிட்டு அடிக்கும்போது வெட்டினால், ‘சரி, தெரிந்துகொண்டேன்’. இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான். ஆனாலும் பழக்கம் போகவில்லை. தஸ்மியாவின் உம்மா ஆசியா உம்மாளே மகளின் போனை வெட்டித்தான் பதில் சொல்லுவாள். ஆனால் நிரல் எழுதுகிற மேசையில் உட்கார்ந்த பிறகு உம்மாவையெல்லாம் யார் நினைக்கிறார்கள்? அங்கே, போனை எடுத்துக் கேட்டால் உண்மை, வெட்டினால் பொய். வேறு கணக்கே கிடையாது.

இனி அந்த ஒரு வரிக்கு வருவோம். நிரல் தெரியாதவர்கள் மிரள வேண்டாம், கல்யாணம் பேசத் தெரிந்தால் போதும். ‘ஜாதகமும் பொருந்தி, பெண்ணும் பிடித்திருந்தால் தாம்பூலம் மாற்றுவோம்’ என்று ஒரு வீட்டில் முடிவு செய்கிறார்கள். ஜாதகம் பொருந்தவில்லை. பிறகு பெண் பார்க்க வண்டி பிடிப்பார்களா? கணினியும் அதே குணம்தான். ‘இதுவும் அதுவும் உண்மையாக இருந்தால்’ என்று கேட்டால் முதலாவதைப் பார்க்கும். அது பொய் என்று ஆகிவிட்டால் அடுத்ததைத் திரும்பியும் பார்க்காது. மொத்தமும் பொய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இது சோம்பேறித்தனம்தான். ஆனால் நேரம் மிச்சப்படுத்துகிற நல்ல சோம்பேறித்தனம். தஸ்மியா இந்தப் பாடத்தில் பரீட்சை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்.

வாங்கி என்ன பிரயோசனம்? அவள் எழுதிய வரி இப்படி இருந்தது: சுடலைமணிக்குப் போன் போட்டு அவர் கேட்டு, பேச்சித்தாய்க்குப் போன் போட்டு அவளும் கேட்டு, சூளைக்காரரும் கேட்டு, காவலாளியும் கேட்டுவிட்டால், ‘எல்லோருக்கும் சொல்லியாயிற்று’ என்று சங்கத்துக்குத் தகவல் அனுப்பு. படிக்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது. கேட்கிற கேள்விக்குள்ளேயே செய்ய வேண்டிய வேலையையும் வைத்துவிட்டாள் என்பதுதான் கோளாறு. முதல் ஆளிடமே ‘பொய்’ என்று பதில் வந்துவிட்டால், மற்ற மூன்று பேருக்கும் போன் போகவே போகாது.

அவள் சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஆபீஸில் நாலு போன்களை வைத்துப் பார்த்தாள். நாலும் அடித்தன. ஒருவர் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தாள். அதற்காக வெட்டியது அவளுடைய சொந்தப் போனை. அது வரிசையில் நாலாவது. அதற்குள் முதல் மூன்றும் அடித்து முடித்திருந்தன. ‘எல்லோருக்கும் சொல்லவில்லை’ என்று கணினி சரியாகவே சொன்னது. மகாராஜன் எட்டிப் பார்த்து, “ஜோரா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஊரில் சுள்ளென்று வெயில், மேலே மலையில் மழை. காலை பதினொரு மணிக்கு அணையிலிருந்து அறிவிப்பு வந்தது. கணினி சுடலைமணியைக் கூப்பிட்டது. வரப்பில் நின்றிருந்தவர் எண்ணைப் பார்த்தார், வெட்டினார், மடைக்கு ஓடி ஷட்டரை இறக்கினார். நட்டு இருபது நாள்கூட ஆகாத பிசானப் பருவத்து நெல், ஊர் மொத்தத்துக்கும் பிழைத்தது.

பேச்சித்தாய் அப்போது ஆற்றுத் திட்டில் பதினேழு ஆடுகளோடு இருந்தாள். போன் மடியில்தான் இருந்தது. அது அடிக்கவில்லை. கணுக்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கைக்கு அகப்பட்ட குட்டிகள் இரண்டை அணைத்துக்கொண்டு ஒரு மருதமரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சூளை ஆட்கள் கயிறு கட்டி அவளைக் கரைக்குக் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆனது. தொடை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. ஆடுகளில் ஆறு தாமாகவே கரையேறின. ஒன்பது போய்விட்டன.

சங்கத்திலிருந்து மகாராஜனுக்குப் போன் வந்தது. அவர் கணினியில் பதிவாகியிருந்ததைப் படித்துக் காட்டினார். பதினொன்று இரண்டுக்கு முதல் ஆளுக்குப் போன் போயிருக்கிறது. முதல் ஆள் வெட்டியிருக்கிறார். அதோடு நின்றுவிட்டது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த உண்மை பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் சுற்றிவந்தது. சுடலைமணி போனை எடுத்திருந்தால் மற்றவர்களுக்கும் போயிருக்குமாம். தன் வேலை முடிந்தால் போதும் என்று வெட்டிவிட்டாராம். கூடப்பிறந்தவளை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு மடையை மட்டும் அடைத்தாராம். பேச்சித்தாய் அண்ணன் வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு தடவை கேட்டாள், “வெட்டினியா, இல்லையா?” என்று. அவர் “வெட்டினேன்” என்றார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

புதன்கிழமை காலை தஸ்மியா அந்த வரியைப் படித்தாள். ஒரே தடவைதான் படித்தாள். பத்து நிமிடத்தில் திருத்திவிட்டாள். முதலில் நாலு பேருக்கும் போன் போடு, யார் எடுத்தார் யார் எடுக்கவில்லை என்று குறித்துக்கொள், எடுக்காதவருக்கு மறுபடி போடு, கடைசியில் கணக்குப் பார். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுந்து மகாராஜன் அறைக்குப் போனாள்.

“சார், தப்பு அந்த அண்ணாச்சிகிட்ட இல்ல. நான் எழுதினதுல இருக்கு.”

மகாராஜன் திரையைப் பார்த்தார். அவரும் நிரல் எழுதி மேலே வந்தவர்தான். பார்த்ததும் புரிந்துவிட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆற்றோரத்து முப்பது ஊர்களுக்கு இதையே செய்து கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த வேலை வந்தால்தான் மாடியில் இருக்கிற ஏழு பேருக்கும் சம்பளம் நிற்காமல் வரும்.

“திருத்தியாச்சுல்லா?” என்றார்.

“திருத்தியாச்சு சார்.”

“பொறவென்ன? சனிக்கிழமை நேர்ல போயி புதுசைப் போட்டுட்டு வா. அப்படியே இதுலயும் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துரு.” ஒரு தாளை நீட்டினார். ‘முதல் தொடர்பாளரான நான் அழைப்பைத் துண்டித்தேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. “அவரு வெட்டினது நெசம்தானே. நாம ஒண்ணும் இட்டுக்கட்டலையே.”

“எடுக்காட்டாலும் அடுத்தவங்களுக்குப் போயிருக்கணுமே சார்.”

“போயிருக்கணும்” என்றார் மகாராஜன். “இப்ப அதைச் சொன்னா முப்பது ஊரும் போயிரும். உனக்கும் ஆறு மாசம் முடியப்போவுது. யோசிச்சு நடந்துக்க.”

சனிக்கிழமை தஸ்மியா முக்கூடல் பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் யோசித்தாள். யோசித்து ஒரு முடிவுக்கும் வரவில்லை. மடியில் லேப்டாப், அதற்குள் செருகிய தாள். சுடலைமணி வீட்டு முன்னால் அவர் மனைவி வடிவம்மாள் உரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அஞ்சு நாளாச்சு தாயி, ஒரு வேளை சரியாச் சாப்பிடல. கூப்பிட்டா வாராரு, தட்டுக்கு முன்னால இருக்காரு, கையை நனைச்சுட்டு எந்திச்சிருதாரு. மாவு ஆட்டுதேன், யாரு திங்கதுக்குன்னு தெரியல.”

சுடலைமணி உள்ளேயிருந்து வந்தார். நல்ல உயரம், ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தவர், அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அது எதற்கு என்று அவள் சொன்னாள். முழுவதையும் வாசித்தும் காட்டினாள்.

“எங்கன கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார்.

கோபப்படுவார், சத்தம் போடுவார் என்று அவள் நினைத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் ஒருவேளை வாங்கிக்கொண்டே வந்திருப்பாள். “அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமா?” என்று கேட்டாள்.

“என்னத்தச் சொல்ல? வெட்டினது நான்தானே. எழுதியிருக்கது சரிதான். பேனாவைக் குடு தாயி. இன்னைக்குச் சங்கத்துல மடையை வேற ஆளுகிட்ட ஒப்படைக்காங்க. நானும் அங்கன போகணும்.”

தஸ்மியா பேனாவைக் கொடுக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். “கையெழுத்து வேண்டாம். சங்கத்துக்கு நானும் வாரேன்” என்றாள்.

சங்கத்தில் இருபது பேர் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் பேச்சித்தாய், காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் உள்ளே வந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சுடலைமணி மடை ஷட்டரின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு ஓரத்துப் பெஞ்சில் போய் இருந்தார். யாரும் பேசுவதற்கு முன்னால் தஸ்மியா, தனக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்றாள். வரிசையில் இருக்கிற நாலு பேரின் போனையும் கேட்டாள். காவலாளி வரவில்லை, அவர் மருமகன் கொண்டுவந்து கொடுத்தான். நாலையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

“செவ்வாய்க்கிழமை எது ஓடிச்சோ, அதையே ஓட விடுதேன்” என்றாள். திருத்தாத பழைய நிரலை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். விசையைத் தட்டியதும் சுடலைமணியின் போன் அடித்தது.

“அண்ணாச்சி, அன்னைக்குச் செஞ்ச மாதிரியே வெட்டுங்க.”

அவர் எழுந்து வந்தார். போனைத் தொடவே அவருக்கு மனம் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்டினார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. மற்ற மூன்று போன்களும் சும்மா கிடந்தன. பேச்சித்தாய் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனி அடிக்காது” என்றாள் தஸ்மியா. “எவ்வளவு நேரம் இருந்தாலும் அடிக்காது. மொத ஆளு எடுக்கலைன்னா, எல்லாருக்கும் சொல்லல, அவ்வளவுதான்னு அதுவே முடிவு பண்ணிட்டு நின்னுரும். மத்தவங்களைக் கூப்பிடாது.”

செங்கல் சூளை இசக்கிமுருகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “ஏம்மா, எழவுச் சேதி சொல்லப் போனவன் மொத வீடு பூட்டிக் கெடக்குன்னு திரும்பி வந்துட்டான்னா, அவனைச் சும்மா விடுவமா? நாலு வீட்டுக்கும் போயில்லா சொல்லணும். பூட்டின வீட்டுக்காரனையா ஏசுவோம்?”

“இல்லண்ணாச்சி. சொல்லப் போனவனைத்தான் ஏசணும். அவனை அப்படித் திரும்பி வரச் சொல்லி அனுப்பினவ நான்தான்.” தஸ்மியா அதோடு நிறுத்தவில்லை. “சுடலைமணி அண்ணாச்சி வெட்டினாலும், போனையே ஆத்துல போட்டிருந்தாலும், அடுத்து பேச்சித்தாய்க்குப் போயிருக்கணும். எங்க உம்மாகூட வெட்டித்தான் பதில் சொல்லுவாங்க. அதை நான் நெனைக்கவே இல்ல. தப்பு என்னோடது. நீங்க எழுதித் தரச் சொன்னாலும் எழுதித் தாரேன்.”

திங்கட்கிழமை அந்த மாடிப்படியில் ஏறலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அது அப்போது பெரிதாகத் தோன்றவும் இல்லை. புதியதை ஓடவிட்டாள். சுடலைமணி வெட்டினார். வெட்டிய கை மேசையை விட்டு எடுபடுவதற்குள் பேச்சித்தாயின் போன் அடித்தது. அடுத்தது சூளைக்காரருடையது. அடுத்தது காவலாளியுடையது. யாரோ சாவியை எடுத்துச் சுடலைமணி முன்னால் நகர்த்தி வைத்தார்கள். அவர் அதை எடுக்கவில்லை.

“மிஷினு தப்புன்னே இருக்கட்டும்” என்றாள் பேச்சித்தாய். ஐந்து நாளைக்குப் பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினாள். “நீ எடுத்திருக்கலாம்லா? எடுத்துக் கேட்டிருந்தா எனக்கு வந்திருக்கும்லா? அம்புட்டு அவசரமா எதுக்கு வெட்டின?”

சுடலைமணி பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பெஞ்சின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

“அது ரெண்டு தடவை சொல்லும்” என்றார். “வெள்ளோட்டத்துல பாத்தேன். நான் முழுசும் கேட்டு முடிக்க ஒன்றரை நிமிசம் ஆச்சு. அதுக்குப் பொறவுதான் உனக்கு அடிச்சுது. அன்னைக்கு நீ திட்டுல நிக்கேன்னு எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கிட்டு நின்னா உனக்கு ஒன்றரை நிமிசம் போயிரும். அதான் வெட்டினேன். சீக்கிரம் உன்கிட்ட வரட்டும்னுதான் வெட்டினேன்.”

தஸ்மியா லேப்டாப்பை மூடினாள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மொத்த ஏற்பாட்டிலும் அடுத்த ஆளை நினைத்தது இந்த ஒரு மனிதர்தான். அவர் நினைத்ததைத்தான் அவள் எழுதிய வரி பொய் என்று எடுத்துக்கொண்டது.

பேச்சித்தாய் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து அண்ணன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நான் வாசல்ல வந்து நின்னு கேட்டனே. அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கப் பிடாதா?”

“ஒம்பது ஆடு போன பொறவு சொன்னா எவன் நம்புவான்?”

பேச்சித்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாங்கூட நம்பியிருக்க மாட்டேண்ணே” என்றாள்.